எத்தனை மணிக்குக் கடிக்குது? கல்லடி வளவுக் குளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற மணல் நிலம்தான் கல்லடி. அங்கே ஒரு வீட்டின் பின் வளவில் சீமெந்தால் கட்டின தாமரைக் குளம் ஒன்று இருக்கிறது. 12 அடி நீளம், 8 அடி அகலம், இரண்டரை அடி ஆழம், வாய்வரை நிரம்பினால் கிட்டத்தட்ட 6,800 லீற்றர் தண்ணி. பூச்சட்டி வைக்க உட்சுவரோடு ஒட்டி ஒரு படி, நடுவில் தாமரை நட்ட பெரிய சீமெந்துத் தொட்டி, ஒரு மூலையில் கல் அடுக்கித் தண்ணி வழிய விடுகிற சின்ன மோட்டர், மேலே வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சம். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சேர் ஆசைப்பட்டுக் கட்டினது. பார்க்க நல்ல வடிவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாரி தொடங்க முதலே அந்தக் குளத்தின் மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) முறைப்பாடு போய்விட்டது. சுற்றியிருக்கிற மூன்று வீட்டாரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: குளத்தால் நுளம்பு பெருகுது, மூடச் சொல்லுங்க. வளர்ப்பு மீன், வளவுக் குளம், கண்ணாடித் தொட்டி இவற்றைப் பார்த்துக் கொடுக்கிறதுதான் என் தொழில் என்பதால் சேர் எனக்குப் போன் எடுத்தார். கேட்டது மருந்து. "மீன் சாகாத மாதிரி ஏதாவது ஊத்துற மருந்து இருந்தா கொண்டு வாங்க தம்பி, நாளைக்கே ஊத்துவம்."

குளத்தோடு வருகிற முறைப்பாடுகளில் மருந்தில் தொடங்கினது எதுவும் நான் பார்த்த வரைக்கும் நல்லபடி முடிந்ததில்லை. நுளம்பு என்பது ஒரே இனம் இல்லை. எந்த நேரம் கடிக்கிறது என்று தெரிந்தால் எந்த இனம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், எந்த இனம் என்று தெரிந்தால் எங்கே முட்டை போடுகிறது என்று தேடுகிற இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் குளத்தடிக்குப் போக முதல் மதிலுக்கு அங்கால் இருக்கிற மாமியிடம் போனேன்.

"மாமி, எத்தனை மணிக்குக் கடிக்குது?"

"எந்த நேரமும்தான் தம்பி."

"இப்ப கடிக்குதா?"

அப்போது வெயில் ஏறிவிட்ட காலை. அவ குனிந்து காலைப் பார்த்தா. "ஓம், இந்தா பாருங்க. உடுப்புத் தோய்க்கக்குள்ள ரெண்டு காலும் தடிச்சுப் போகுது. ராவைக்கு ஃபேன் போட்டுப் படுத்தா ஒண்டும் தெரியிறல்ல."

கணுக்காலில் இருந்து எழும்பின ஒன்றை அடித்துக் கையில் வைத்துப் பார்த்தோம். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வெள்ளை வளையம். ஈடிஸ். டெங்கு பரப்புகிற சாதி. பகலில், அதுவும் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கிறது, தூரப் பறக்காது, பிறந்த இடத்தில் இருந்து ஓரிரு நூறு மீற்றருக்குள்ளேயே சீவியத்தை முடித்துக்கொள்ளும். மீன் நீந்துகிற அகலமான குளத்தில் அது முட்டை போடுவது அரிது. அதற்குப் பிடித்தது சின்ன இடம்: சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர், பீலியில் தேங்கின தண்ணி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு. அப்போதே எனக்குள் பாதி விடை வந்துவிட்டது, ஆனால் மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பின்வீட்டுத் தம்பியின் முறைப்பாடு வேறு. "அண்ணே, ராவைக்கு லைற் போட்டா கூட்டமா வந்து சோத்துக் கோப்பைக்குள்ள விழுகுது." கடிக்கிறதா என்று கேட்டால் யோசிக்கிறார். "கடிக்கிற மாதிரித்தான் இருக்கு." கடித்த தடம் காட்டச் சொன்னால் இல்லை. வெளிச்சத்துக்குக் கீழே சுவரில் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்தால் நுளம்பு மாதிரியே ஒரு பூச்சி, ஆனால் வாயில் ஊசி இல்லை. ஆணுக்கு உணர்கொம்பு இறகு மாதிரி விரிந்திருக்கும். இருக்கிறபோது முன்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும், நுளம்பு தூக்குவது பின்காலை. ஒருக்கால் கவனித்தால் பிறகு மாறவே மாறாது. இது கடிக்காத பூச்சி, இதன் புழு குளத்தின் அடிச் சேற்றுக்குள் சிவப்பாக நெளியும், வளர்ப்பு மீன் கடையில் மீனுக்குத் தீனியாக விற்கிறார்களே அதே சிவப்புப் புழு. இது நூற்றுக்கு நூறு குளத்துச் சரக்கு.

மூன்றாவது வீட்டில் சொன்னது நடு இரவுக் கடி, காதுக்குள் ரீங்காரம். சேரின் வீட்டிலும் அதே கதைதான், அவர் இரவில் வலை போட்டுத்தான் படுக்கிறார். அது கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணி, அடைபட்ட வடிகான், மலக்குழி இவைதான் அதன் வீடு. இன்னொன்று சேர் தானாகச் சொன்னது: பொழுதுபடுகிற நேரம் குளத்தடியில் கதிரை போட்டு உட்கார முடியவில்லை, சட்டைக்கு மேலாலேயே குத்துகிறது. இது வேறு யாரும் சொல்லாதது, ஏனென்றால் அந்த நேரம் குளத்தடியில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஆக, ஒரு முறைப்பாடு என்று எழுதப்பட்டதற்குள் நாலு பூச்சி. மருந்து ஒன்றை ஊற்றியிருந்தால் இதில் எது தீர்ந்திருக்கும்?

வெள்ளைப் பேசினில் கண்டது

குளம் பார்க்க எனக்கு வேண்டியது வெள்ளைப் பேசின் ஒன்று, அகப்பை ஒன்று, டோர்ச் ஒன்று. நடுக்குளத்தில் அள்ளினால் ஒன்றும் இல்லை. கப்பி மீன் துள்ளுகிற தண்ணி, எப்படி இருக்கும்? நடுவில் அள்ளிப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்கிறவர்களும் உண்டு, குளம் முழுக்க நுளம்பு என்று சொல்கிறவர்களும் உண்டு, இரண்டு பேரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் தாமரைத் தொட்டி. அதன் விளிம்பு குளத்தின் தண்ணி மட்டத்துக்கு மேலே ஒரு விரல்கடை நின்றது. கச்சான் காற்று அடிக்கிற கோடையில் அந்த வளவில் குளத்து மட்டம் கிழமைக்கு ஒன்றரை அங்குலம் இறங்கும், வெறும் ஆவியாதலால் மட்டும் 340 லீற்றர் போகிறது. மட்டம் இறங்க இறங்க, தொட்டி குளத்துக்குள்ளேயே தனிக் குளமாகிவிட்டது. மீன் உள்ளே போக வழியில்லை. தொட்டிக்குள் கோப்பையால் அள்ளிப் பேசினில் ஊற்றினால், அம்மாடி, தலைகீழாகத் தொங்கி நெளிகிற குடம்பியும், காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுவும் நிறைய. குளம் முழுக்க மீன் இருந்தும், அதன் நடுவிலேயே நுளம்புக்கு ஒரு பாதுகாப்பான தொட்டில்.

படியிலும் இதேதான். பூச்சட்டி வைக்கிற படி தண்ணிக்குள் இருக்கிற வரை மீன் வந்து போகும். மட்டம் இறங்கினால் படியின் பள்ளங்களில் அரைச் சிரட்டைத் தண்ணி நிற்கும். கல்லடுக்கின் குழிகளிலும் அப்படியே, அதுவும் கரண்ட் போய் மோட்டர் நின்ற நாட்களில்.

பிறகு மிதக்கிற செடி. குளத்தின் மூன்றில் ஒரு பங்கை ஆற்றுவாழையும், ரோசாப்பூ மாதிரி மிதக்கிற அந்தப் பச்சைச் செடியும் மூடியிருந்தன. ஆற்றுவாழையைப் பற்றி நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கிட்டங்கி ஆற்றில் அது அடைத்துக்கொண்டு படுத்துகிற பாட்டை வருசா வருசம் பார்க்கிறோம். ஆனால் அதன் வேரில் நுளம்பு வளர்வதைப் பலர் பார்த்ததில்லை. மான்சோனியா என்கிற இனத்தின் குடம்பி மற்றவை மாதிரி மூச்சு வாங்க மேலே வராது. வால்பக்கத்துக் குழாயைச் செடியின் வேரில் குத்தி, வேருக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மேலே எண்ணெய் ஊற்றினாலும் சாகாது, வேர்ச்சடைக்குள் மீனுக்கும் எட்டாது. செடியைத் தூக்கி அள்ளின தண்ணியோடு பேசினுக்குள் வைத்துப் பலமாக உலுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றிரண்டாகக் கழன்று அடியில் ஊரும். சேர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பேசினுக்குள் குனிந்து பார்த்தார். பொழுதுபடுகிற நேரத்துக் கடிக்கு விடை அதுதான். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய இனமும் கூட. 2016இல் அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. அதற்காக வளவுக்குள் மான்சோனியாவை வளர்த்து விடலாம் என்றில்லை.

அடிச் சேறு கறுப்பு. கம்பால் கிளறினால் கூழ்முட்டை மணம். காரணம் கேட்டால் சேரின் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னா, மத்தியானம் மிஞ்சின சோறு மீனுக்கு. நல்ல மனசுதான். ஆனால் கப்பிக்கு வயிறு நிறைந்தால் குடம்பியைத் திரும்பியும் பார்க்காது. மிஞ்சின சோறு அழுகிச் சேறாகிறது, சேற்றில் சிவப்புப் புழு பெருகுகிறது, கரையில் ஒதுங்கின சோற்றுக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. கல்லடுக்குக்குள் எலி வளை இருந்தது. தண்ணிப்பாம்பு என்றால் பரவாயில்லை, கடித்தாலும் விசமில்லை. எலி இருக்கிற கல்லுக்கும்பிக்குள் புடையன் படுத்திருந்தால்?

சேரின் மலக்குழி மூடியில் வெடிப்பு, காற்றுக் குழாயின் வாயில் வலை இல்லை. இரவுக் கடி அந்த இரண்டு வீட்டுக்கும் எங்கே இருந்து போகிறது என்று அதற்குப் பிறகு தேடத் தேவைப்படவில்லை. பின்வீட்டில் பாவிக்காத கிணறு ஒன்றும் இருந்தது. பைப் தண்ணி வந்த பிறகு கைவிட்ட கிணறு, இங்கே பல வளவுகளில் உண்டு. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் வாங்கி, அந்த வருசக் கடைசியிலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புது மலேரியா நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். கிணறும் தொட்டியும் அதற்குப் பிடித்த இடம். கிணற்றை நுளம்பு வலையால் மூடச் சொன்னேன், அவரும் மூடிவிட்டார், அதோடு அந்த விசயம் முடிந்தது.

மாமியின் பிளேட்

மாமியின் பேரப்பிள்ளைக்குப் போன மாரியில் டெங்கு. குருதிச் சிறுதட்டு இறங்கி வார்ட்டில் வைத்திருந்த பிள்ளை. 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதும், அந்த வருசம் கிண்ணியா பட்ட பாடும் கிழக்கில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பயம் உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை பகலில் பாலர் பாடசாலையில், பின்னேரம் வீட்டில். எந்த இடத்தில் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாமிக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிற தண்ணி சேரின் குளம், அதனால் குளம்தான் எதிரி. அதோடு அவ வாயால் சொல்லாத இன்னொரு பயமும் இருந்தது. பிள்ளை மதில் ஓரத்து இடைவெளியால் சேரின் வளவுக்குப் போய்வருகிற பிள்ளை. குளம் இரண்டரை அடி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதும். இது கடைசியில்தான் வெளியில் வந்தது, அதுவும் சேரின் மனைவியிடம். பக்கத்து வீட்டுச் சண்டைகளில் எழுதிக் கொடுக்கிற காரணம் ஒன்று, உள்ளே கிடக்கிற காரணம் வேறு என்பது வழமைதானே.

மாமியின் வீடு மேல்மாடி கட்டுவதற்காகப் பிளேட் (கொங்கிறீற் தளம்) போட்டுப் பாதியில் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கிற மகன் காசு அனுப்ப அனுப்ப வேலை நடக்கும். பிளேட்டின் ஒரு மூலை கொஞ்சம் தாழ்வு, அங்கே மழைத்தண்ணி கட்டி நிற்கும். தூணுக்கு விட்ட கம்பிகளின் மேல் கவிழ்த்து வைத்த தகர டின்கள் சில நிமிர்ந்து விழுந்து கிடந்தன. சேரின் மாடி யன்னலில் இருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. பொதுமதிலின் மேல்வரியிலும் உள்ளே ஓட்டையுள்ள சீமெந்துக் கல், பூசி மூடாமல் விட்டது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தண்ணிக் கோப்பை. மாமியின் காலைக் கடித்த ஈடிஸில் ஒரு பங்கு தாமரைத் தொட்டியில் பிறந்திருக்கலாம், பெரும் பங்கு அவவின் தலைக்கு மேலேயே பிறந்தது என்பதுதான் என் தீர்மானம்.

இதை அவவிடம் எப்படிச் சொல்வது? முறைப்பாடு கொடுத்தவரிடம் போய் "உங்கட வீட்டில்தான் நுளம்பு" என்று சொன்னால் அது பதிலடியாகத்தான் கேட்கும், விசயம் மத்தியஸ்த சபை வரைக்கும் போனாலும் ஆச்சரியமில்லை. சேருக்குச் சொன்னது இதுதான்: முதலில் உங்கட குளத்தைச் சரியாக்குங்க, பிறகு பீ.எச்.ஐ.யை நீங்களே கூப்பிடுங்க, உங்கட வளவை மாமியும் பார்க்கத்தக்கதாகச் சோதிக்கச் சொல்லுங்க, அப்படியே ஒழுங்கை முழுக்க ஒரு சுற்று வரச் சொல்லுங்க. சேர் கொஞ்சம் தயங்கினார், முறைப்பாடு வந்த மனிசன் தானே போய்க் கூப்பிடுவதா என்று. கூப்பிட்டார்.

சட்டம் ஏழு நாள் என்கிறது

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, வளவுக் குளம் வைத்திருக்கிற எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது: வளவிலுள்ள செயற்கைக் குளத்தைக் கிழமைக்கு ஒரு தடவையாவது வெறுமையாக்க வேண்டும். இந்த ஏழு நாளுக்குக் கணக்கு உண்டு. நம்ம வெக்கைக்கு முட்டையில் இருந்து பறக்கிற நுளம்பு வர ஏழு முதல் பத்து நாள்தான் எடுக்கும். ஒரு சின்னத் தொட்டிக்கு இது நல்ல சட்டம். 6,800 லீற்றருக்கு?

தண்ணிச் செலவை விடுங்கள். கல்லடியில் மாரி நடுவில் நிலத்தடி நீர் கையால் தொடலாம் போல மேலே வந்துவிடும். அந்த நேரம் சீமெந்துக் குளத்தை வெறுமையாக்கினால் உள்ளே பாரம் இல்லை, வெளியில் இருந்து தண்ணி அடியைத் தள்ளும், தளம் வெடிக்கும். பொலித்தீன் விரித்த குளமென்றால் விரிப்பே பலூனாக எழும்பும். அதோடு ஈடிஸ் முட்டை போடுவது தண்ணிக்குள் இல்லை, மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில். அது மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் சாகாது, திரும்பத் தண்ணி தொட்டதும் பொரிக்கும். சுவரைத் தேய்க்காமல் தண்ணியை மட்டும் மாற்றுகிறவர் முட்டைக்கு உதவிதான் செய்கிறார்.

சட்டத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறபோது "எங்கட குளத்தில் மீன் இருக்கு" என்று வாதாடுவதில் பிரயோசனமில்லை. பரிசோதகர் தேடுவது குடம்பியை. அவர் அகப்பை போடக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் குடம்பி இல்லாமல் வைத்துவிட்டு, அவரையே கூப்பிட்டுக் காட்டி, எந்த ஏற்பாட்டில் குளத்தை வைத்திருக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்வதுதான் வழி. இங்கே அப்படித்தான் நடந்தது. ஓரச் சுவரைக் கிழமைக்கு ஒருக்கா தேய்ப்பது, தொட்டியையும் படியையும் மட்டத்துக்குக் கீழே வைப்பது, மிதக்கிற செடி வைக்காமல் விடுவது, கூப்பிடாமல் வந்தாலும் பார்க்க விடுவது என்று பேசி முடிந்தது.

செய்த வேலை

ஆற்றுவாழை முழுக்கக் கிளம்பியது, மிதந்த மற்றச் செடியும். அதை வாவியிலோ வடிகானிலோ எறியாமல் வெயிலில் காயவிட்டுக் குழிக்குள் தாட்டோம். நிலத்தில் வேர்விட்ட தாமரையும் அல்லியும் போதும், நிழலுக்கு. தாமரைத் தொட்டியின் விளிம்பில் நாலு பக்கமும் கைப்பிடி அகலத்துக்கு வெட்டி இறக்கினோம். இப்போது மட்டம் எவ்வளவு இறங்கினாலும் மீன் உள்ளே போய்வரும். படியின் பள்ளங்களைச் சாய்வாகப் பூசியாயிற்று. கல்லடுக்கு போயே போய்விட்டது, சேருக்கு அதில் கவலைதான், ஆனால் எலிக்கும் பாம்புக்கும் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டு அயலவரோடு சமாதானம் பேச முடியாது.

சேற்றை ஒரேயடியாக வாராமல் பாதி இப்போது, பாதி பிறகு என்று வாரினோம். முழுக்க வாரினால் தண்ணி ஒரே நாளில் கெட்டு மீன் மேலே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கோல்ட் பிஷ் கொஞ்சம் விட்டோம், அது அடியைக் கிண்டிச் சிவப்புப் புழுவைத் தின்னும். கப்பிக் குஞ்சையும் தின்னும்தான், ஆனால் கப்பி மாதம் ஒருக்கா குஞ்சு போடுகிற சாதி, அல்லி இலைக்கு அடியில் ஒளிந்து தப்பினதே போதும். சோறு நிறுத்தம். மீன் தீனியும் இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை. வெள்ளை எல்.ஈ.டி.யைக் கழற்றி மஞ்சள் வெளிச்சத்தைக் குளத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றியதும் பின்வீட்டுத் தம்பியின் சோத்துக் கோப்பை பெரும்பாலும் தப்பியது. சேறு குறைந்த பிறகுதான் முழுக்க ஓய்ந்தது.

மருந்து என்று பாவித்தது ஒன்றுதான், பீ.டீ.ஐ. என்கிற பக்டீரியாத் தூள். மீனுக்கும் தும்பிக் குஞ்சுக்கும் கேடில்லை. குடம்பி அதைத் தின்றுதான் சாக வேண்டும் என்பதால் தின்னாத கூட்டுப்புழுவில் வேலை செய்யாது. முதல் கிழமைக்கு, செடி எடுத்த கலங்கலில் தப்பினதைப் பிடிக்க மட்டும் போட்டோம். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீன் இருக்கிற குளத்தில் அது கொலை. புகை அடிப்பது அந்த நேரம் பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணிக்குள் கிடக்கிறதைத் தொடாது. கோடையில் மட்டம் இறங்கினால் பைப் தண்ணியை நேரே திறந்துவிடக் கூடாது, அதில் குளோரின். பெரிய வாளிகளில் ஒரு நாள் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

மலக்குழி மூடியைப் பூசி, காற்றுக் குழாயின் வாய்க்கு நுளம்பு வலை கட்டினது அரை நாள் வேலை. இரவில் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த மாற்றம் அதனால்தான் வந்தது, குளத்தில் செய்த எதனாலும் இல்லை. பிள்ளைக்காக இரும்புச் சட்டம் அடித்துத் துருப்பிடியாத வலை போட்டுக் குளத்தின் மேல் மூடியாயிற்று. தாமரை வலைக்கண்ணால் தலையை நீட்டிக்கொண்டு பூக்கிறது. கொக்கும் மீன்கொத்தியும் ஏமாந்து போகின்றன, கபரக்கொய்யா (தண்ணி உடும்பு) ஒன்று மட்டும் வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்.

பரிசோதகர் வந்த நாள் மாமியும் மதிலடியில் நின்றா. குளத்தின் ஒவ்வொரு மூலையிலும் அகப்பை போட்டார், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஒழுங்கையில் வரிசையாக எல்லா வீடும். மாமியின் பிளேட்டுக்கு ஏறினபோது மாமியும் பின்னால் ஏறினா. டின்னுக்குள் அள்ளின தண்ணியை அவர் வெள்ளைக் கோப்பையில் ஊற்றி நீட்டினார். அவ பார்த்துவிட்டுச் சொன்னது "இது எப்ப வந்த?" அவ்வளவுதான். அந்தப் பின்னேரமே ஆள் பிடித்துத் தாழ்ந்த மூலைக்குச் சீமெந்து போட்டு, மதில் ஓட்டைகளுக்கு மணலும் சாந்தும் அடைத்தாயிற்று. அதற்கான சீமெந்தில் பாதி சேருடையது, கணக்குக் கேட்கவில்லை.

தவளைக்கு மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. முதல் மழைக்கு ஆண் தவளைகள் கத்துவது சில இரவுக்கு. அதை அயலவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். ஒரு நாள் குளச்சுவரில் கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருக்க, யாரோ ஏதோ செய்துவைத்திருக்கிறார்கள் என்று சேரின் மனைவி பயந்து போன் எடுத்தா. மரத்தவளையின் நுரைக் கூடு. முட்டை உள்ளே ஈரமாக இருக்கும், சில நாளில் வாற்பேய்கள் கீழே தண்ணிக்குள் சொட்டுச் சொட்டாக விழும். விட்டுவிடச் சொன்னேன். மாமியின் பேரன் வலைக்கு வெளியே குந்தியிருந்து அது விழுகிறதைப் பார்த்திருக்கிறான்.

தீராமல் கிடக்கிறது

தண்ணி வழிகிற பிரச்சினை. சேர் கூரைப் பீலியின் குழாயைக் குளத்துக்குள் விட்டிருந்தார், தண்ணி மிச்சம் பிடிக்க. கணக்குப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் வரும். குளத்தின் முழுக் கொள்ளளவே 6,800. மார்கழியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது இங்கே புதினமில்லை. வழிந்தது ஒழுங்கைக்குப் போய்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதையில் நின்றது, கப்பியும் அதோடு போனது. கப்பி தென்னமெரிக்காவில் இருந்து வந்த மீன், வடிகான் வழியாக வாவிக்குள் போனால் ஊர் மீனின் இடத்தைப் பிடிக்கும், அதனால் வழிவு வாயில் கட்டாயம் வலை வேண்டும்.

பீலியைத் திருப்பியாயிற்று. வழிவுக்கு வலை போட்ட குழாய் வைத்து உறிஞ்சு குழிக்கு விட்டிருக்கிறோம். மணல் என்பதால் முதல் மழைகளை அந்தக் குழி இழுக்கிறது, மாரி நடுவில் நிலத்தடி நீர் ஏறினதும் இழுக்காது. அதற்கு ஒழுங்கையின் வடிகான் திறந்திருக்க வேண்டும், அது மண் மூடிக் கிடக்கிறது. நாலு வீட்டாரும் கையெழுத்திட்டு உரிய இடத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், முறைப்பாடு கொடுத்த மாமியின் கையெழுத்துத்தான் முதலாவது. பதில் இன்னும் வரவில்லை. அதுவரை, பெருமழை அறிவித்தால் சேர் முதல் நாளே குளத்து மட்டத்தை அரை அடி இறக்கிவிடுகிறார். கிட்டத்தட்ட 1,360 லீற்றர். ஆறங்குல மழைக்கு அது இடம் தரும், அதற்கு மேல் பெய்தால் வாளியோடு நிற்க வேண்டியதுதான்.